பேய்க்குச் சாவி கொடுத்தவர்கள்

எங்கள் ரொட்டித் தொழிற்சாலையில் பேய் இருக்கிறது என்று நிர்வாகம் எழுத்தில் ஒப்புக்கொண்டது போன மாதம்தான். பதினொரு வருடமாகக் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்பதைக்கூட ஒப்புக்கொள்ளாதவர்கள், பேயை ஒரே வாரத்தில் ஒப்புக்கொண்டார்கள்.

பேய் ஓட்டுகிறவர் ஒருவர் காரில் வந்து இறங்கினார். அவர் தலையிலும் எங்கள் வலைத்தொப்பியை மாட்டிவிட்டார்கள். பேயே ஓட்டினாலும் முடி மாவில் விழக்கூடாது அல்லவா? மூன்றாம் நம்பர் மெஷினைச் சுற்றி வந்தார், கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார், "போயிடுச்சு" என்றார். மேனேஜர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். மதியமே நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டியாயிற்று: 'மூன்றாம் நம்பர் மெஷினில் இருந்ததாகக் கருதப்பட்ட தொந்தரவு நீக்கப்பட்டது. ஊழியர்கள் வழக்கம்போல் பணியாற்றவும்.'

எனக்கு வயிறு எரிந்தது. அந்த மெஷினுக்குள்தான் நாலு மாதத்துக்கு முன்னால் என் மாமா செத்துப்போனார். மாமா என்றால் என் அக்காவின் கணவர். அவர் செத்ததும் தொந்தரவு, அவரைக் கொன்றதும் தொந்தரவு, எல்லாம் நீக்கப்பட்டது.

நான் அங்கே எலக்ட்ரீஷியன். ஷாக்கு என்றால்தான் யாருக்கும் தெரியும். சேர்ந்த முதல் வாரத்திலேயே மூன்று தடவை ஷாக் வாங்கி சம்பாதித்த பட்டம். வீரத்துக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பல்லியைப் பார்த்தால் ஸ்டூல் மேல் ஏறிக்கொள்கிறவன். ஏறிய பிறகுதான், பல்லிக்கு இன்னும் கிட்டத்தில் வந்துவிட்டோம் என்பது உறைக்கும். இந்த லட்சணத்தில் நான் ஒரு பேயோடு மல்லுக்கு நின்ற கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்றாம் நம்பர், மாவு பிசைகிற மெஷின். சின்ன அறை அளவுக்கு ஓர் இரும்புத் தொட்டி, உள்ளே ஆள் தொடை கனத்தில் பிசைகிற கைகள் இரண்டு. ஷிப்டுக்கு ஒரு தடவை யாராவது உள்ளே இறங்கி ஒட்டிய மாவைச் சுரண்டி எடுக்க வேண்டும். உள்ளே ஆள் இருப்பது வெளியிலிருந்து தெரியாது. மெயின் சுவிட்சோ சுவருக்கு அந்தப் பக்கம், என் சுவிட்ச் ரூமில் இருக்கிறது. அதனால் ஒரு விதி. இறங்குகிறவர் முதலில் என் ரூமுக்கு வந்து, லீவரைக் கீழே இறக்கி, தன் பெயர் எழுதிய சிவப்புப் பூட்டை அதில் மாட்டி, சாவியைத் தன்னோடு எடுத்துப் போக வேண்டும். வெளியே வந்தபின் அவரேதான் திறக்க வேண்டும். மேனேஜரைப் பெற்றவரே வந்து கேட்டாலும் வேறு கை அந்தப் பூட்டைத் தொடக்கூடாது.

அருமையான விதி. அது கெட்டது இப்படி. போன வருடம் ஒருநாள் ஒருத்தர் பூட்டைத் திறக்க மறந்து வீட்டுக்குப் போய்விட்டார். உற்பத்தி லைன் மூன்று மணி நேரம் நின்றது. மறுநாளே எங்கள் சூப்பர்வைசர் எல்லாப் பூட்டுகளுக்கும் மாற்றுச் சாவி செய்து, ஒரே வளையத்தில் கோத்து, தன் டிராயரில் வைத்துக்கொண்டார். வாயைத் திறந்தால் 'சீக்கிரம்' என்ற சொல்தான் முதலில் வரும் என்பதால், அவருக்குச் சீக்கிரம் சார் என்று பெயர். லீவரைத் தூக்கினால் மெஷின் விட்ட இடத்திலிருந்து தானே ஓட வேண்டும் என்று செட் பண்ணச் சொன்னதும் அவர்தான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் செட் பண்ணியவன் நான்.

அன்றைக்குச் சீக்கிரம் சார் சாவி வளையத்தோடு என் ரூமுக்கு வந்தார். "உன் மாமன் பூட்டை மாட்டிட்டு எங்கயோ போய்ட்டான். லைன் நிக்குது. திற."

"உள்ள இருப்பாரு சார்."

அப்போது நடைபாதையிலிருந்து மாமாவின் குரல் கேட்டது. "மாப்ளே, நான் வெளில வந்துட்டேன்டா. பூட்டை எடுத்துடு."

எடுத்தேன். லீவரைத் தூக்கினேன்.

மாமா வெளியே வந்திருக்கவில்லை.

அறிக்கையில் 'ஊழியர் பூட்டு மாட்டத் தவறினார்' என்று சீக்கிரம் சார் எழுதினார். எடுக்கவே இல்லை என்று தோன்றும்படி, பூட்டை அலமாரியில் மாமாவின் கொக்கியிலேயே கொண்டுபோய் மாட்டினார். "போனவன் போய்ட்டான். நீயும் ஜெயிலுக்குப் போயிட்டா உன் அக்காவுக்கு யாருடா இருக்கா?" என்றார். சாட்சி என்று போட்டிருந்த இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து வழக்கத்தைவிட அன்று அழகாக வந்திருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என் கையையே பிடிக்கவில்லை.

அதற்கப்புறம் மெஷின் பக்கம் செத்தவர் குரல் கேட்கிறது என்று பேச்சு கிளம்பியது. ஒருத்தரும் உள்ளே இறங்க மாட்டேன் என்றார்கள். பேய் ஓட்டுகிறவரைக் கூட்டிவந்து பார்த்தார்கள். அதற்கும் யாரும் மசியவில்லை. மேனேஜருக்கு அப்போதுதான் இரக்கம் சுரந்தது. இறந்தவர் குடும்பத்துக்குக் கருணை அடிப்படையில் வேலை! யாருக்கு? என் அக்காவுக்கு. எந்த வேலை? மூன்றாம் நம்பர் மெஷினைச் சுரண்டுகிற வேலை. இதைக் கருணை என்று சொல்லும்போது மேனேஜரின் கண் லேசாகக் கலங்கியது. அந்தக் கண்ணில் ஒரு பிடி மாவைத் தூவ வேண்டும்போல் இருந்தது. நான் என்ன செய்தேன்? "நன்றி சார்" என்றேன்.

இன்னொன்றும் உண்டு. புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பார்கள். 'கவனக்குறைவுக்கு ஓர் எடுத்துக்காட்டு' என்று திரையில் படம் போட்டார்கள். பெயர் போடவில்லை, நாகரிகமானவர்கள். தேதியும் மெஷின் நம்பரும் மட்டும் போட்டிருந்தார்கள். அக்கா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து அதைப் பார்த்து, புரிந்தது என்று கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தாள்.

"அக்கா, இந்த வேலை வேணாம்" என்றேன்.

"ஏன், பேய்க்குப் பயமா? நீ பல்லிக்கே பயப்படறவன்." தனக்குக் கொடுத்திருந்த சிவப்புப் பூட்டைப் புரட்டிப் பார்த்தாள். "உங்க மாமா மாதிரி நான் மறக்க மாட்டேன்டா. போ."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அவள் முதல் தடவை இறங்கிய அன்று காலை பதினொரு மணி இருக்கும். என் ரூமுக்கு வந்து, லீவரை இறக்கி, பூட்டை மாட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். "இங்கயே இரு. எங்கயும் போயிடாத" என்றாள். போனாள்.

நான் லீவருக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"நல்லா காவல் காக்கற" என்றது ஒரு குரல்.

என் குரல். டேப்பில் கேட்டால் நம் குரல் நமக்கே கர்ணகொடூரமாக இருக்குமே, அப்படி. மூக்கடைத்த ஆடு பேசுவதுபோல் இருந்தது. இத்தனை வருடம் என்னைச் சகித்தவர்கள் மேல் அந்தப் பயத்திலும் எனக்கு மரியாதை வந்தது.

திரும்பிப் பார்த்தேன். எங்கள் இடத்தில் காற்றிலேயே மாவு மிதக்கும். அந்த மாவு, சுவிட்சுகள் உள்ள பேனல் பெட்டியின் மேல் ஒன்றுமே இல்லாத இடத்தில் படிந்துகொண்டிருந்தது. முதலில் ஒரு முழங்கால். அப்புறம் ஒரு தோள். அப்புறம் மனிதத் தாடையைவிட இரண்டு விரற்கடை நீளமான ஒரு தாடை. மாவு படிந்த அளவுக்குத்தான் தெரிந்தது. மீதியைப் பார்க்க எனக்கு ஆசையில்லை.

"பகல்ல வரமாட்டீங்கன்னு..." என்றேன். பேய்க்கு மரியாதை கொடுத்துப் பேசியதை நான் மறைக்க விரும்பவில்லை.

"ராத்திரில வந்து என்ன பண்றது? ராத்திரி லைன் ஓடறதில்லையே." என் குரலிலேயே அலுத்துக்கொண்டது. "நோட்டீஸ் பார்த்தியா? நீக்கப்பட்டதாம்! ஒரு ஆள் வந்து சுத்திட்டுப் போனா நான் போயிடுவேனா? நான் அந்த மெஷின்ல இருந்தாத்தானே? ஒரு நாளும் நான் அதுல இருந்ததில்ல."

"எங்க இருந்தீங்க?"

மாவு படிந்த விரல் ஒன்று நீண்டு, சுவருக்கு அப்பால் சீக்கிரம் சாரின் மேஜை இருக்கும் பக்கம் காட்டியது. "டிராயர்ல. அந்த வளையத்துக்குப் பக்கத்துல. சௌகரியமான இடம்."

நான் நாற்காலியை லீவரோடு ஒட்டி நகர்த்திக்கொண்டேன்.

"என்னால ஒரு ஸ்க்ரூவைக்கூட நகர்த்த முடியாது தெரியுமா? என் பொழப்பு அவ்வளவுதான். கேக்கத்தான் முடியும். 'மாப்ளே, பூட்டை எடுத்துடு'ன்னு கேட்டேன். எடுத்தது யாரு? மாத்துச் சாவி இல்லாத இடத்துல நான் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒரு மயிரும் நடக்காது. பக்கத்து ஊர்க் கண்ணாடித் தொழிற்சாலைல ரெண்டு வருஷம் பட்டினி கிடந்தேன். அங்க எல்லாரும் ஒழுங்கு. தரித்திரம் பிடிச்ச இடம்."

எனக்குக் கோபம் வந்தது. பயந்தவனுக்கு வருகிற கோபம், வெளியே போக வழி தெரியாமல் காதுக்குள்ளேயே சுற்றுகிறது. "என் மாமா உனக்கு என்னடா பாவம் பண்ணாரு?"

"ஒண்ணும் பண்ணல. பாவம் பண்ணவங்களைப் பிடிக்கறதுதான் எங்க வேலைன்னு யாரு சொன்னது? அவங்க எங்க ஆளுங்க." கொஞ்சம் குனிந்தது. மாவு உதிர்ந்தது. "சரி, ஒரு பேச்சு பேசலாம். உன் அக்காவை விட்டுடறேன். நாளைக்கு வேற யாராவது இறங்குவாங்க, அவங்களை எடுத்துக்கறேன். நீ வாயைத் திறக்காம இருந்தாப் போதும். அறிக்கை அப்படியே இருக்கட்டும். வளையம் டிராயர்லயே இருக்கட்டும். நாலு மாசமா செய்யறதுதானே? புதுசா ஒண்ணும் கேக்கலையே."

எழுதவே கூசுகிறது. நான் யோசித்தேன். அந்த 'வேற யாராவது' என்பவருக்கு எனக்குள் முகம் இல்லை. அக்காவுக்கு இருந்தது. சரி என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு சீக்கிரம் சார் வந்தார். கையில் வளையம். "சீக்கிரம், சீக்கிரம். உன் அக்கா பூட்டை மாட்டிட்டு டீ ரூம்ல உக்காந்திருக்கா. முதல் நாளே இந்த ஆட்டம். திற."

பேனல் மேல் இருந்தது அவர் கண்ணில் படவில்லை. டிராயரில் ஒரு வருடமாகக் குடியிருந்ததே படாதவருக்கு இது எங்கே படப்போகிறது?

"அவளைப் பார்த்தீங்களா சார்?"

"குரல் கேட்டேன்யா!"

அதே நொடி நடைபாதையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "டேய் ஷாக்கு, நான் டீ குடிச்சிட்டிருக்கேன்டா. பூட்டை எடுத்துடு."

நான் பேனலைப் பார்த்தேன். தாடை மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

ஒரு நிமிஷம்! பேச்சுவார்த்தை முடிந்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை! பேயிடம் நாணயம் எதிர்பார்த்த உலகின் ஒரே மடையன் நான்தான் என்று தெரியும். ஆனாலும் எனக்கு வந்த ஆத்திரம் அப்படிப்பட்டது. அதோடு இன்னொன்றும் ஏறியது. நான் வாயைத் திறந்தது எனக்குத் தெரியும். இன்னும் அரை நிமிஷம் இருந்திருந்தால் முகம் தெரியாத ஒருத்தரை விற்றிருப்பேன். அந்த அசிங்கமும் ஆத்திரத்தோடு சேர்ந்துகொண்டது.

"கேட்டியா? உன் அக்காதானே?" என்றார் சீக்கிரம் சார்.

"கேட்டேன். சாவியை எடுத்துட்டு அவளையே வரச் சொல்லுங்க."

"கால் வலிக்குதுடா" என்றது குரல். "நீயே திறந்துடேன். உன் மேல நம்பிக்கை இல்லாமயா?"

அது அக்காவேதான். அந்த இழுப்பு, வாக்கியத்தின் கடைசியில் லேசாக மூச்சு வாங்குவது, எல்லாம் அவள்தான். எங்கேயாவது ஒரு பிசிறு தட்டுமா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். தட்டவில்லை. மாமாவின் குரலிலும் அன்று தட்டவில்லை. காதை வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது என்று அப்போதுதான் மண்டையில் ஏறியது. குரல் யாருடையதாகவும் இருக்கட்டும். சாவி கழுத்திலிருந்து வர வேண்டும். விதியில் அவ்வளவுதானே எழுதியிருக்கிறது?

"உன் அக்கா குரலையே நம்ப மாட்டியா? பைத்தியமா உனக்கு?" சீக்கிரம் சார் என்னைத் தள்ளிவிட்டுப் பூட்டைப் பிடித்தார். வளையத்தில் அக்கா பூட்டின் மாற்றுச் சாவியைத் தேடினார். அவசரத்தில் தேடினால் எதுவும் கிடைக்காது. ஆயுள் முழுவதும் அவசரப்பட்டவருக்கு இது மட்டும் தெரியவில்லை.

நான் வளையத்தின் மேல் பாய்ந்தேன். பாய்ந்தேன் என்பது கௌரவமான சொல். கால் தடுக்கி அவர் மேல் விழுந்தேன் என்பதுதான் நடந்தது. இரண்டு பேரும் தரையில் கிடந்தோம். அவர் என் காதைப் பிடித்துத் திருகினார். நான் அவர் மணிக்கட்டைக் கடித்தேன். வளையம் தெறித்தது. அதை எடுத்தேன். சுவிட்ச் ரூமின் தரையில் கேபிள்கள் போகிற குழி ஒன்று உண்டு. மேலே இரும்புத் தகடுகள் மூடியிருக்கும், நடுவில் நாலு விரல் இடைவெளி. அந்த இடைவெளியில் வளையத்தைப் போட்டேன். கீழே வெகுதூரத்தில் சத்தம் கேட்டது. அதை எடுக்க வேண்டுமானால் தொழிற்சாலை முழுக்க மின்சாரத்தை நிறுத்த வேண்டும். நிறுத்தத் தெரிந்தவன் இங்கே ஒருவன்தான், அவன் வாயில் அப்போது சூப்பர்வைசரின் கைக்கடிகார வார் இருந்தது.

பேனல் மேல் இருந்தது எழுந்து நின்றது. என் குரல், அக்காவின் குரல், யார் யாரோ குரல்கள், எல்லாம் ஒரே நேரத்தில் கத்தின. திற, திற, நான்தான், வெளில வந்துட்டேன், திற. அந்தச் சத்தத்தில் பேனல் கதவுகள் அதிர்ந்தன. ஆளில்லாத இடத்திலிருந்து குரல் வருவதைச் சீக்கிரம் சாரும் இப்போது கேட்டார். அவர் முகம் மாவைவிட வெளுத்தது. எல்லாக் குரலும் ஓய்ந்த பிறகு கடைசியாக ஒன்று மட்டும் வந்தது. நிதானமாக, பாசமாக.

"மாப்ளே, நான் வெளில வந்துட்டேன்டா. பூட்டை எடுத்துடு."

நான் எடுக்கவில்லை. அழுதேன். ஆனால் எடுக்கவில்லை.

கதவில் யாரோ நின்றார்கள். அக்கா. வலைத்தொப்பிவரை மாவு, கையில் சுரண்டி, கழுத்தில் சாவி.

பேனலின் மேல் ஒன்றுமில்லை.

"இப்பப் பேசினது யாரு?" என்றாள் அக்கா.

சீக்கிரம் சார் தரையிலிருந்து எழுந்தார். அவருக்கு முதலில் நடுக்கம் வந்தது, அடுத்து நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நான் என் கண்ணால் பார்த்தேன். "பேய்ம்மா! இருக்கு! நானே கேட்டேன்! அன்னிக்கும் அதுதான் பண்ணிருக்கு. நம்ம யார் மேலயும் தப்பில்ல. மேனேஜர்கிட்ட சொல்லி அப்படியே எழுதிடலாம். பேய்தான் காரணம்னு..."

"பேய்க்குச் சாவி யார் சார் செஞ்சு கொடுத்தது?" என்று நான் கத்தினேன். என் குரல் கீச்சென்று வந்தது, பரவாயில்லை. "அது கேட்டுச்சு. கேக்கறது மட்டும்தான் அதுக்கு முடியும். சாவி செஞ்சது நீங்க. மெஷினைத் தானா ஓட விட்டது நான். திறந்தது..."

அங்கே நின்றுவிட்டேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். "அன்னிக்கு அவரு பூட்டு மாட்டிருந்தாரா?"

"மாட்டிருந்தாரு."

"யாரு திறந்தா?"

"நான்தான்க்கா."

சுரண்டியை மெதுவாகத் தரையில் வைத்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அது அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"நாலு மாசம்" என்றாள். "நாலு மாசமா தினமும் அந்த மனுஷனைத் திட்டிட்டிருக்கேன்டா. ஒரு பூட்டை மாட்ட உனக்குக் கையில்லையான்னு. வீட்ல அவரு படத்துக்கு முன்னாடி நின்னு திட்டிருக்கேன். வகுப்புல கையெழுத்துப் போட்டப்பகூட மனசுக்குள்ள திட்டினேன்." கழுத்துச் சாவியை இறுகப் பிடித்தாள். "மாட்டிருந்தாரு."

"நம்ம உக்காந்து நிதானமாப் பேசலாம்மா" என்றார் சீக்கிரம் சார். வாழ்க்கையில் முதல்முறையாக நிதானம்.

அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை. கழுத்துக் கயிற்றிலிருந்து சாவியை எடுத்து, தன் பூட்டைத் தானே திறந்து, பையில் போட்டுக்கொண்டாள். லீவரைத் தூக்கவில்லை. என் மேஜையிலிருந்த பதிவேட்டில் ஒரு வெள்ளைத் தாளைக் கிழித்து என் முன்னால் வைத்தாள். பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எழுது."

வெளியே லைன் நின்றிருந்தது. மேனேஜரின் காலடிச் சத்தம் நடைபாதையில் வந்துகொண்டிருந்தது. அது நிஜமாகவே மேனேஜர்தானா என்றுகூட எனக்குச் சந்தேகம் வந்தது. பேனாவைத் திறந்து, 'அன்று நடைபாதையிலிருந்து என் மாமாவின் குரல் கேட்டது' என்று ஆரம்பித்தேன்.

அக்கா எட்டிப் பார்த்தாள். அந்த வரியின் மேல் மாவு ஒட்டிய விரலை வைத்தாள்.

"குரல் கேட்டதெல்லாம் அப்புறம் எழுதிக்கலாம். இதை அடி. முதல்ல அவரு என்ன பண்ணாருன்னு எழுது. அடுத்தது நீ என்ன பண்ணேன்னு எழுது."

அடித்தேன். 'பூட்டு மாட்டப்பட்டிருந்தது' என்று எழுதினேன். 'அதை நான் திறந்தேன்' என்று எழுதினேன். கையெழுத்து கோணல்மாணலாக வந்தது.

அவள் இரண்டு வரியையும் வாய்க்குள் படித்துப் பார்த்தாள். முதல் வரியை மட்டும் இன்னொரு தடவை படித்தாள்.

"சரி" என்றாள். "அடுத்த வரி."